வெற்றிலை வைக்காத கல்யாணம்

மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிவலிங்கம் நிற்கிறான். எதிரே அழகம்மா. இருவருக்கும் நடுவில் மூடுபனி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கதவில்லாத வாசல் வழியாக அது உள்ளே வந்துகொண்டிருந்தது. லிந்துலைப் பக்கத்து மலைகளில் பனி வருவது கண்ணுக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரின் முகம் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அன்றைக்கு அழகம்மாவின் முகமும் அப்படித்தான் தூரமாகப் போனது. தாலிக் கயிற்றைத் தடவித் தடவிக் கட்டி முடித்த சிவலிங்கம், மாலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"சரியா விழுந்துச்சா?"

"ஒரு பக்கம் காதுல மாட்டியிருக்கு" என்றாள் அவள்.

கல்யாணம் முடிந்தது. மேளமில்லை, தப்புச் சத்தமில்லை, பந்தலில்லை. வந்திருந்தவர்கள் குழந்தைகளோடு சேர்த்துப் பதினொரு பேர். நூறு பேர் வருவார்கள் என்று போட்ட தேத்தண்ணி இரண்டு வாளிகளில் ஆறிக்கொண்டிருந்தது. அதன் ஆவியும் பனியும் எங்கே சேர்ந்தன என்று பார்த்துக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன்.

இந்தக் கல்யாணத்தை அப்படி நடத்த வைத்தவன் நான்.

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகி ஒருவர், என் எழுத்தில் எளிமை இருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். நல்ல மனதோடு எழுதியதுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த இரண்டு வாளிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அட்டன் கூட்டத்தில் கேட்ட சொல்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு ஓட்டு இல்லாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் எந்தத் தோட்டத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்காதவன். வட்டவளையில் தண்ணீர் ஓடும் கான் வெட்டினேன். டிக்கோயாவில் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு பிளந்தேன். சிவலிங்கம் அங்கேதான் பழக்கமானான். பிறகு அவன் தன் அண்ணன் இருந்த லிந்துலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். வேலை இல்லாத நாட்களில் நான் நடந்துவிடுவேன். ஒரு சாக்கு, இடுப்பில் கட்ட மாற்றுச் சாரம், தகரக் கோப்பை. மழை பெய்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வேன். பசித்தால், தொழிலாளர்களின் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் ஏதாவது ஒரு லயத்தில் ரொட்டி கிடைக்கும். கிடைக்காத நாளும் உண்டு.

இதை அப்போது யாரும் எளிமை என்று சொல்லவில்லை. 'பரதேசி' என்றார்கள்.

எளிமை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அட்டனில், தூறலில் நடந்த ஒரு கூட்டத்தில். மேடையில் இருந்தவர் கடல் தாண்டி வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. கல்யாணத்தை எளிமையாக நடத்துங்கள் என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம், சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பை மாதிரி அது பளபளவென்று இருந்தது. லயத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. லேசு உண்டு, சும்மா உண்டு, சுருக்கமா உண்டு, ஒண்ணுமில்லே என்பது நிறைய உண்டு. எளிமையை நான் அங்கே யார் வாயிலும் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்து ரயில் பாதையோரமாக நடந்தபோது, வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன். நானுஓயாப் பக்கம் ஏறும் ரயில் ஒன்று என்னைக் கடந்தது. அதன் சக்கரமும் அதையே சொன்னது.

சிவலிங்கத்துக்குப் பெண் நிச்சயமான சமயம் அது.

"கல்யாணத்த எளிமையா வச்சிருவோம்டா" என்றேன்.

"எளிமைன்னா?"

"மேளம் வேணாம். பூசாரி வேணாம். பந்தல் வேணாம்."

"சோறு?"

"சோறும் வேணாம். தேத்தண்ணி போதும்."

"பொண்ணாச்சும் உண்டாண்ணே?"

அழகம்மாவின் அப்பாவுக்கு நெஞ்சில் சளி. இருமலுக்கு நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எம்புட்டு நேரமாகும் தம்பி?" பத்து நிமிடம் என்றேன். "நல்லதாப் போச்சு. ரொம்ப நேரம் என்னால உக்கார ஏலாது" என்றார்.

சுவருக்குச் சொன்ன சேதி

தோட்டத்தில் கல்யாணம் என்றால் அது வெற்றிலையில் தொடங்கும். வீட்டுக்காரரும் தோட்டத் தலைவரும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, லயம் லயமாக, காம்பரா காம்பராவாகப் போவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்வார்கள். உள்ளே இருப்பவர் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். எடுத்துவிட்டால் வந்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு மாலைப் பொழுது முழுதாகப் போய்விடும். வீண் வேலை என்று எனக்குப் பட்டது. பெரிய தாள் ஒன்றில் சிவப்பு மையால், "எளிய முறையில் நடைபெறும் திருமணத்துக்கு அனைவரும் வருக" என்று எழுதி, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துச் சுவரில் மாவுப் பசை தடவி ஒட்டினேன். நல்ல எழுத்து. தள்ளி நின்று இரண்டு தரம் பார்த்தேன்.

மறுநாள் பெரட்டில் யாரோ சொன்னார்கள்: "சுவத்துக்குச் சேதி சொல்லியிருக்காங்கப்பா. சுவரு போய்ட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"யாராச்சும் பாத்தீங்களா?"

நாலாம் லயத்துக் கடைசிக் காம்பரா அப்போது காலியாக இருந்தது. அதில் இருந்த குடும்பம் கப்பலேறி இந்தியா போய்விட்டது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்குத் தனிக் காம்பரா கொடுப்பது வழக்கம், காலி இருந்தால். காலி இருப்பது அபூர்வம். சிவலிங்கத்தின் அண்ணன் காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர். படுக்க இடமில்லாததால், கல்யாணமான அன்றே அழகம்மா கீழ் டிவிசனில் இருந்த அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பகலில் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கூடையை இறக்கிவைக்கும் நேரம் மட்டும் புருசனும் பெண்சாதியும் பார்த்துக்கொண்டார்கள். சிவலிங்கம் ஸ்டோரிலிருந்து வந்து கொழுந்துச் சாக்குகளைத் தூக்குகிறவன். "சாப்பிட்டியா?" என்பான். "ம்" என்பாள். அடுத்த கூடை வந்துவிடும்.

பத்து நாள் கழித்து அவன் பெரட்டில் கண்டாக்கு ஐயாவிடம் காம்பரா கேட்டான். வெளிவேலைகளுக்கெல்லாம் அவர்தான் மேலாள். அந்தக் காலத்தில் எங்கள் கல்யாணங்களை யார் பதிவு செய்தார்கள்? கண்டாக்கு தலைவரைக் கேட்பார், தலைவர் ஆமாம் என்பார், அதுதான் பதிவு.

தலைவர் கருப்பையா கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

"என்ன தலைவரே, இவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"தெரியாதுங்க."

"பத்து நாளாச்சுங்கறானே?"

"அன்னிக்கு நான் போஞ்சிப் பாத்தி கொத்திக்கிட்டு இருந்தேனுங்க."

கண்டாக்கு கூட்டத்தைப் பார்த்தார். "யாராச்சும் பாத்தீங்களா?"

இருநூறு பேர் நின்றார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு இருமல் மட்டும் கேட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். அவர்கள் சொன்னால் எடுபடாது. பள்ளிக்கூடத்தை இரவல் தந்த வாத்தியார் அன்றைக்கு ஊரில் இல்லை. நான் தோட்டத்து ஆளே இல்லை.

"அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பாக்குறேன்" என்றார் கண்டாக்கு. "அதுக்கு மேல காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அழகம்மா பெண்கள் வரிசையில் நின்றாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவள் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

காசிம் நானாவின் அகராதி

தலைவருக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியவில்லை, அதுதான் சிக்கல் என்று நினைத்தேன். புத்தகத்தில் காட்டினால் ஒத்துக்கொள்வார். முழுசாகப் படித்தவர்களும் சுத்தமாகப் படிக்காதவர்களும் இப்படி நினைக்க மாட்டார்கள்.

லிந்துலைக் கடைத்தெருவில் காசிம் நானாவின் சில்லறைக் கடையில் தடித்த பழைய தமிழ் அகராதி ஒன்று இருந்தது. காகிதத்துக்காக வாங்கியது. தினமும் அதில் பத்திருபது தாளைக் கிழித்துச் சாமான் சுற்றுவார். சுற்றி வந்த தாளையெல்லாம் படிப்பது என் வழக்கம்.

"நானா, எகரத்துத் தாள் இருக்கா?"

"எகரமா? அகரம் முழுக்கக் கருவாட்டோட போயிட்டு. எகரம் நேத்து." விரலில் எச்சில் தொட்டு மிச்சத்தைப் புரட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஒகரத்தில நிக்கிறன். என்ன சொல்லு வேணும் மகன்?"

சொன்னேன்.

"அது உங்கட தலைவர்ட வீட்டுக்குத்தான் போயிருக்கும். நேத்து அவர்ட பொஞ்சாதி பெருங்காயம் வாங்கினா. எளிமையில சுத்தித்தான் குடுத்திருப்பன்" என்று தாடியைத் தடவிச் சிரித்தார்.

ஒரு மடிப்பு

தோட்டத்துக்குத் திரும்பும் பாதையில் மருந்துக் காம்பரா. அட்டை கடித்த இடம் புண்ணாகியிருந்ததால் காலைக் காட்டப் போனேன். மருந்து கட்டுகிறவர் என் வயதுக்காரர், அட்டனில் இங்கிலீஷ் படித்தவர். அவரிடமும் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன்.

"தமிழ்ல எனக்குத் தெரியாதுங்க. இங்கிலீஷ்ல சிம்பிளிசிட்டிம்பாங்க. லத்தீன்லருந்து வந்தது. ஒரு மடிப்புன்னு அர்த்தம்னு எங்க பாதிரியார் சொல்லுவாரு." கையிலிருந்த கட்டுத் துணியை ஒரு தரம் மடித்துக் காட்டினார். "நாலா மடிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஒரு மடிப்புன்னா, பிரிச்ச ஒடனே அம்புட்டும் தெரிஞ்சு போயிரும்."

துணியைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டே, "சுவத்துல எழுதி ஒட்டுனது நீங்கதானே? நல்ல எழுத்து" என்றார்.

"படிச்சீங்களா? அப்ப ஏன் வரலை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும் எங்கிட்ட சொல்லலியே."

"எழுதித்தானே இருந்துச்சு?"

"எழுதியிருந்துச்சு" என்றார். "சொல்லலியே."

வெளியே வந்தபோது பனி இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் நாலைந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் மடிப்பும், அதிலிருந்து சொட்டும் தண்ணீரும் மட்டும் தெரிந்தன. ஆளைக் காணவில்லை. மடிப்புகள் மட்டும் நடந்து போவதுபோல் இருந்தது. அவற்றின் பின்னாலேயே போய்த் தலைவர் வீட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

உப்புச் சட்டி மூடி

தலைவர் அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். அவர் மனைவி மீனாட்சி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பெருங்காயம் சுற்றிய தாள் ஒன்று இருக்குமா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குக் கூப்புட வராத வாசப்படிக்கு, காயிதம் கேட்டு வந்திருக்காரு" என்றார் தலைவர், அடுப்பைப் பார்த்தபடி.

"குடுங்க, பாவம்" என்றார் அந்த அம்மா. தாள் உப்புச் சட்டிக்கு மூடியாக இருந்தது.

அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். இருந்தது. பக்கத்திலேயே எளிது, எளியவன். கொஞ்சம் கீழே எள்ளல், எள்ளி நகைத்தல். எல்லாம் ஒரே குடும்பம்போல் தோன்றியது. சின்னதாக, லேசாக இருப்பது ஒன்று. அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கூடவே. இது என் அரைகுறைப் படிப்பில் தோன்றியதுதான், புலவர்கள் வேறு சொல்லலாம்.

"சத்தமாத்தான் படிங்களேன், கேப்போம்" என்றார் தலைவர்.

"சுலபம்" என்று படித்தேன்.

"ம்."

"வறுமை."

"அது இருக்கு."

"தளர்ச்சி."

"அதும் இருக்கு."

அடுத்ததற்குக் குரலை இறக்கினேன். "அடிமைத்தனம்" என்றேன்.

தலைவர் ஒரு விறகை உள்ளே தள்ளினார். "இம்புட்டும் எங்ககிட்ட இருக்கே தம்பி. இத ஒரு கல்யாணம் வச்சு வேற காட்டணுமா?"

நான் தாளை மடிக்கப் போனேன். மடிக்காமல் வைத்திருந்தேன். மீனாட்சி அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"தொரை வந்தா எந்திரிச்சு நிக்கணும். கண்டாக்கு வந்தா நிக்கணும். ஒருத்தரு வந்து வெளிய நிக்க, நாங்க உக்காந்த எடத்துலருந்து கைய நீட்டி வெத்தல எடுக்கறது கல்யாணத்துக்குத்தான். அதயும் நீங்க சுவத்துல ஒட்டிப்புட்டீங்க."

எனக்கு ஒரு ரொட்டி கொடுத்தார். சாப்பிட்டேன். உப்பு கூடுதலாக இருந்தது.

பிந்திப்போன அழைப்பு

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதையெல்லாம் சிவலிங்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடையை இறக்கிக்கொண்டிருந்த அழகம்மா திரும்பினாள்.

"இம்புட்டுதானாண்ணே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே தட்டோடு வந்து நின்றாள். கல்யாணப் பெண் தானே அழைக்கப் போவது எங்கேயும் கிடையாது. யார் என்ன சொல்வார்கள் என்று சிவலிங்கம் தயங்கினான். "சொல்றதெல்லாம் சொல்லிட்டாங்க, இனிமே என்ன இருக்கு?" என்று முன்னால் நடந்தாள். வெற்றிலை காசிம் நானா கொடுத்தது. கல்யாணத்துக்குத் தன்னையும் யாரும் கூப்பிடவில்லை என்று அவரும் ஒரு குத்துக் குத்தித்தான் கொடுத்தார். மிச்ச வெற்றிலையைச் சாக்கில் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

முதல் வாசல்.

"அக்கா, எங்க கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துருங்க."

"எப்ப?"

"ஆயிருச்சுக்கா. பதினஞ்சு நாளாச்சு."

உள்ளே இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப சோறு ஊசிப்போயிருக்குமேடி!"

"சோறே போடலக்கா. அதான் ஊசல."

வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அடுத்த வாசலில் திட்டு. அதற்கடுத்த வாசலில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். இரண்டாம் லயத்தில் ஒரு தாத்தா இரண்டு வெற்றிலை எடுத்தார். ஒன்று போன வருடம் செத்துப்போன அவர் மனைவிக்கு. "கூப்புட்டா அவதான் மொதல்ல கெளம்புவா" என்றார்.

தூறல் விழுந்தது. தகரக் கூரைகளிலிருந்து வழிந்த தண்ணீர் ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் திரைபோலத் தொங்கியது. அழகம்மா அதற்குள் புகுந்து புகுந்து போனாள். தட்டு மட்டும் நனையவில்லை, முந்தானையால் மூடியிருந்தாள். எத்தனை வாசல் என்று எனக்குத் தெரியாது. ஒரு நேரத்துக்கு மேல் ஒரே வாசலில்தான் திரும்பத் திரும்ப நிற்கிறோமோ என்று தோன்றியது.

கடைசியில் தலைவர் வீடு. அவர் எழுந்திருக்கவில்லை. பலகையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நோட்டீஸ் எழுதுனவரு எங்க?"

"பின்னால நிக்கிறாருங்க மாமா."

"அவரு சொல்லட்டும்."

நான் தட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். கூரைத் தண்ணீர் கழுத்தில் இறங்கியது. கூட்டத்தில் கேட்ட வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. "தலைவரே, சிவலிங்கத்துக்கும் அழகம்மாவுக்கும் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வரணும்" என்றேன்.

அவர் அவசரப்படாமல் கையை நீட்டினார். ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். வாயில் போட்டுக்கொண்டார்.

"வந்துட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை

"என்னப்பா, யாராச்சும் பாத்தீங்களா இல்லியா?" என்றார் கண்டாக்கு.

"நான் போயிருந்தேனுங்க" என்றார் தலைவர்.

"போஞ்சிப் பாத்தி கொத்திக்கிட்டு இருந்தேன்னீங்க?"

"கொத்திப்புட்டுப் போனேனுங்க."

"நானும் போனேங்க" என்றது ஒரு குரல். "நாங்களும்" என்றது பெண்கள் வரிசை. பிறகு யார் சொன்னார்கள் என்றே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன. எனக்கு ஒரு கணம் அந்தப் பள்ளிக்கூட அறை முழுக்க அன்றைக்கு ஆட்கள் இருந்ததாகவும், பனியில் நான்தான் பார்க்கத் தவறிவிட்டதாகவும் பட்டது. இன்றைக்கும் அந்தக் கல்யாணத்தை நினைத்தால் சில சமயம் கூட்டமாகத்தான் நினைவுக்கு வருகிறது.

"எப்புடி, நல்லா நடந்துச்சா?" என்றார் கண்டாக்கு.

"ரொம்ப எளிமைங்க" என்றார் தலைவர், என்னைப் பார்க்காமல். பெரட்டே சிரித்தது.

அன்று வேலை முடிந்ததும் காம்பராவைத் திறந்தார்கள். கரி பிடித்த சுவர், மண் அடுப்பு, மூலையில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன உடைந்த சீப்பு. ஒரு சன்னலும் கிடையாது. நீளத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கலாம், அகலத்துக்குப் பத்து. எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அழகம்மா மட்டும் முதலில் உள்ளே போனாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். நடுவில் நின்று கைகளை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள். எதுவும், யாரும் இடிக்கவில்லை. எட்டுப் பேர் படுத்த காம்பராவில் பிறந்து, அதிலேயே வளர்ந்தவள் அவள்.

"அம்மாடி" என்றாள் மெதுவாக. "எம்புட்டுப் பெருசு!"

வெறும் சுவர்கள் அந்தக் குரலை அவளிடமே திருப்பிக் கொடுத்தன. அவள் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.